கவர்னர் வருகிற சாலையில் நெல்

பாபநாசத்தில் முப்பது வருடம் அரிசி மில் நடத்திய என்னை, வடகிழக்கில் ஒரு சிறிய மாநிலத்துக்குக் கவர்னர் ஆக்கினார்கள். மில்லில் என் சொல்லுக்கு மறுசொல் கிடையாது. இங்கே யாரோ எழுதியதைப் படிக்கிறேன், யாரோ முடிவு செய்ததில் கையெழுத்துப் போடுகிறேன். பேருக்கு ராஜா. அதில் வருத்தமில்லை என்று வெளியில் சொல்லிக்கொள்வேன்.

போன ஐப்பசியில் கும்பகோணத்தில் ஒரு பள்ளி விழாவுக்கு வந்தேன். மூன்று நாள் மழை விட்டு அன்றுதான் வெயில். தஞ்சாவூரிலிருந்து காரில் போகும்போது, பாபநாசத்துக்குச் சற்று முன்னால் சாலையோரம் நெல்லைக் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தார்கள். வெயில் அடிக்கிற நாளில் குறுவை நெல்லை எவனாவது மூடி வைப்பானா? தார் ரோட்டில் காயப்போட்டிருந்ததை எனக்காக அள்ளியிருக்கிறார்கள்.

வண்டியை நிறுத்தி இறங்கினேன். குவியலருகே நின்ற அம்மாள் பல வருடம் என் மில்லுக்கு நெல் போட்டவர். தார்ப்பாய்க்குள் கையை விட்டேன், வெதுவெதுவென்று இருந்தது. ஒரு நெல்லைக் கடித்தேன். நறுக்கென்று உடையாமல் நசுங்கியது.

"இன்னிக்கு வெயில்ல காஞ்சாத்தான் உண்டு, முதலாளி. இல்லேன்னா முளை விட்டுரும். கொள்முதல்ல எடுக்க மாட்டாங்க."

"அதான் நான் தாண்டிப் போறேனே, விரிச்சுடுங்கம்மா."

"நாலு மணிக்கு நீங்க திரும்பி வர்ற வரைக்கும் ரோட்டுல ஒரு நெல்லுமணி கிடக்கக் கூடாதுன்னு போலீஸ்ல சொல்லிட்டாங்க."

வேறு வழியாகத் திரும்பலாமா என்று கூட வந்த அதிகாரியிடம் கேட்டேன். பாதுகாப்பு ஏற்பாட்டை மாற்ற முடியாதாம். விழா மேடையில் என் கண் பந்தலுக்கு வெளியே வெயிலிலேயே இருந்தது. உரையில் ஒரு பக்கத்தை விட்டுவிட்டுப் படித்தேன். யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

கீழே இறங்கியதும் அதிகாரியை அழைத்தேன். "நான் இன்னிக்குத் திரும்பலை. இங்கேயே தங்கறேன். ரோட்டுல நிக்கிற போலீஸ்காரங்ககிட்ட உடனே சொல்லிடுங்க."

"சொல்லிடறோம் சார்."

மணி பன்னிரண்டுகூட ஆகவில்லை. பாதிப் பகல் மிச்சமிருந்தது. பதவிக்கு வந்தபின் நானாக யோசித்துப் போட்ட முதல் உத்தரவு அது. பெருமையாகக்கூட இருந்தது. வயிறாரச் சாப்பிட்டேன்.

மறுநாள் காலை அதே வழியாகத் திரும்பினேன். குவியல்கள் வைத்த இடத்திலேயே இருந்தன, பக்கத்தில் போலீஸ்காரர்கள். இறங்கி ஓடினேன். அம்மாள் தார்ப்பாயை விலக்கிக் காட்டினார். மேல் நெல்லில் வெள்ளை வெள்ளையாக முளை.

"ஆறு மணி வரைக்கும் உங்களைத்தான் பார்த்துக்கிட்டு நின்னோம். வர மாட்டீங்கன்னு யாரும் சொல்லலையே."

திட்டியிருந்தாலாவது தேவலை. அவர் திட்டவில்லை. அடியில் கையை விட்டு ஒரு பிடி அள்ளிப் பார்த்தார்.

"அடி நெல்லு கொஞ்சம் தேறும். வெயில் ஏறுது முதலாளி, நீங்க சீக்கிரம் கிளம்புங்க. நீங்க போனாத்தான் விரிக்க விடுவாங்க."