கைலாயத்துக்குப் பூசிய திருநீறு

எங்கள் மூன்றாம் மாடிக்கு ஏறவே மூச்சு வாங்குகிற மனுசனுக்கு இமயமலைப் படங்களில் என்ன பைத்தியமோ! என் கணவருக்கு ஜான்-டலோன் சந்தையில் தக்காளிப் பெட்டி இறக்குகிற வேலை. லீவு நாட்களில் பழைய சாமான் கடைகளைச் சுற்றுவார். சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ என்ற ஊரில், வெளிச்சம் பாய்ச்சிச் சுவரில் காட்டுகிற, கண்ணாடித் தகட்டில் பதித்த பழைய படமொன்று கிடைத்தது. பனிமலை, அதன் கீழே சுமை தூக்குகிறவர்கள் வரிசையாக. அந்தக் காலத்துக் கமெராவையும் கண்ணாடித் தகடுகளையும் அவர்கள்தான் முதுகில் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள். படமெடுத்த வெள்ளைக்காரரின் பெயர் ஓரத்தில் இருந்தது, இவர்களுடைய பெயர் இல்லை. அதையே சொல்லிச் சொல்லி என் உயிரை எடுத்தார்.

பக்கத்து நூலகத்தில் இதைக் கேள்விப்பட்டு, சனிக்கிழமை அந்தப் படத்தைச் சுவரில் பெரிதாகக் காட்டிப் பேசும்படி கேட்டார்கள். இந்த நாட்டுக்கு வந்து நாலு பேர் முன்னால் வாய் திறக்காதவர் அவர். பிரெஞ்சில் எழுதி, குளியலறைக்குள் நின்று பாடமாக்கினார். இதில் தடுமாறினால் இனி ஒருநாளும் பேசமாட்டார்.

வெள்ளிக்கிழமை நான் வேலையால் வர, அந்தக் கண்ணாடி சாமித் தட்டில் இருந்தது. மூன்று குறி திருநீறு, நடுவில் சந்தனப் பொட்டு, பக்கத்தில் பூ. யாழ்ப்பாணத்திலிருந்து எங்களைப் பார்க்க வந்திருந்த அவருடைய அக்கா, என் மச்சாள், செய்த வேலை. வெள்ளை மலை என்றால் அவருக்கு உலகத்தில் ஒரே மலைதான்.

என் கணவர் வந்ததும், "தம்பி, நல்ல கைலாயப் படம் கொண்டந்திருக்கிறாய்" என்று மச்சாள் பூரித்துப்போனார். அவர் கண்ணாடியைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், "ஓம் அக்கா" என்று மட்டும் சொன்னார். மச்சாள் அந்தப் பக்கம் போனதும் நான் துடைக்கத் துணியை எடுத்தேன், என் கணவர் தடுத்தார்.

"விடும். சாமிக்குப் பூசினதைத் துடைச்சால் அக்கா மனம் நொந்துபோவா."

மறுநாள் நூலகச் சுவரில் மலை எழுந்தது. வெளிச்சத்தை மறைத்த திருநீறு, மலைக்குக் குறுக்கே மூன்று கறுப்புக் கோடுகளாக விழுந்தது. யாரோ சிரித்தார்கள். என் மனுசன் தாளில் முதல் வரியைத் தேடினார். எல்லாம் நாசமாய்ப் போச்சு என்று நினைத்தேன். அப்போது முன்வரிசையில் இருந்த மச்சாள் எழுந்து, தலைக்கு மேலே கை கூப்பிக் கும்பிட்டார். சிரிப்பு நின்றுவிட்டது.

என் கணவர் தாளை மடித்துப் பைக்குள் வைத்தார். தனக்குத் தெரிந்த உடைந்த பிரெஞ்சில், இது என் அக்கா, இவவுக்கு இந்த மலை கடவுளின் வீடு, படத்தில் சுமை தூக்குகிறவர்களுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும், அந்த வீட்டுக்குத்தான் கண்ணாடியைச் சுமந்துகொண்டு ஏறியிருக்கிறார்கள் என்றார். பிறகு அவரை நிறுத்த முடியவில்லை. பெட்டிக் கயிறு தோளில் எந்த இடத்தை வெட்டும் என்பது வரைக்கும் சொன்னார். கலியாணம் கட்டிய நாளில்கூட அவர் மேல் எனக்கு அவ்வளவு ஆசை வந்ததில்லை.

மெட்ரோவில் வரும்போது, தான் பேசியதையெல்லாம் அக்காவுக்குத் தமிழில் சொன்னார். வீட்டுக்கு வந்ததும் மச்சாள் படத்தில் சுமை தூக்குகிறவர்களைக் காட்டிக் கேட்டார்.

"அந்தப் பெடியளுக்கும் கொஞ்சம் திருநீறு பூசட்டே, தம்பி?"

ஊதுபத்திக் குச்சியின் நுனியால், சுமை தூக்கியவர்கள் ஒவ்வொருவரின் நெற்றியிலும் ஒரு பொட்டுத் திருநீறு வைத்தார். அவர் வைத்து முடியுமட்டும் என் கணவர் கண்ணாடியை ஆடாமல் பிடித்துக்கொண்டு நின்றார்.