சுவரில் அக்கா விட்டிருந்த ஒரு செங்கல் இடம்

அக்காவின் முதலாம் ஆண்டு நினைவு நாளுக்கு வந்திருக்கும் சொந்தங்களுக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் வணக்கம். நான் அக்காவின் தம்பி. ஐந்தாம் வகுப்பு படித்தவன். நாலு பேர் முன்னால் எனக்குப் பேச வராது. அதனால் எழுதுகிறேன்.

அக்கா கள்ளக்குறிச்சிப் பக்கம் பிறந்தவர். வீட்டுக்காரர் இறந்தபின் கைக்குழந்தையோடும் என்னோடும் டெல்லிக்கு வந்தார். லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸில் பாத்திரம் தேய்த்து எங்கள் இருவரையும் ஆளாக்கினார். முழங்கால் முடியாமல் போனதும் ஆடு வளர்த்தார்.

ஆடு மூன்று குட்டி போட்டால் நோஞ்சான் குட்டிக்குப் பால் கிடைக்காது. அதற்கு அக்காவின் புட்டிப்பால்தான். மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுச் சூடு பார்த்து, குட்டியை நிற்கவைத்துக் கொடுப்பார். படுத்துக் குடித்தால் புரையேறும் என்பார். குளிர்காலத்தில் குவார்ட்டர்ஸ் குழந்தைகளின் பழைய ஸ்வெட்டரை அதற்குப் போட்டுவிடுவார்.

"ஆட்டுக்கு ஸ்வெட்டரு, தம்பிக்குக் கிழிஞ்ச சால்வையா?" என்று எதிர்வீட்டு அம்மா கேட்பார்.

"குட்டி கத்திக் கேக்குது. இவன் எங்க வாயத் தொறக்கிறான்?"

குட்டிக்காக அறையில் அங்கீட்டியில், அதாவது இரும்புக் கரியடுப்பில், கரி மூட்டுவார். புகை போகக் கூரைக்குக் கீழே ஒரு செங்கல் இடத்தைத் திறந்தே வைத்திருந்தார். அது வழியாகப் பனி வருகிறது என்று நான் சொன்னால், "குளிருனா இன்னொரு போர்வ இருக்குடா. மூச்சு முட்டினா என்னத்தப் போத்திக்கிறது?" என்பார்.

போன தையில் அக்காவுக்குக் காய்ச்சல். மகள் புருஷன் வீட்டில் இருந்தாள். அங்கீட்டியில் கரி கனன்றும் குட்டி நடுங்கிக்கொண்டிருந்தது. நான் காவல் வேலைக்குக் கிளம்பும்போது அக்கா கண்ணயர்ந்திருந்தார். ஒரு சாக்கைச் சுருட்டி அந்த இடத்தை அடைத்தேன். கதவைச் சாத்திவிட்டுப் போனேன். காலையில் வந்தபோது அக்கா உயிரோடு இல்லை. குட்டி கதவிடுக்கில் மூக்கை வைத்துப் பிழைத்துக் கிடந்தது.

சாக்கைப் பார்த்தவர்கள் அக்காவே அடைத்ததாக நினைத்தார்கள். "ஒரு ஆட்டுக்காக அம்மா என்ன விட்டுட்டுப் போயிட்டாங்க மாமா" என்று அக்காவின் மகள் இன்றும் சொல்கிறாள்.

அடைத்தது நான். அக்கா இல்லை.

அதன்பின் அக்காவின் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டால்தான் குட்டி என்னிடம் குடித்தது. குடித்தபடியே என் தோளுக்குப் பின்னால் பார்க்கும். நான் ஒரு நாளும் திரும்பிப் பார்த்ததில்லை. இப்போது அது பெரிய ஆடு, புட்டியை மறந்துவிட்டது. இந்தக் குளிருக்கு அந்த ஸ்வெட்டரை எடுத்துப் போட்டேன். ஓடி வந்து என் தோளுக்குப் பின்னால் அதே இடத்தைப் பார்த்தது.

அன்று முதலில் ஓடி வந்த எதிர்வீட்டாருக்கும், சுடுகாடு வரை தோள் கொடுத்தவர்களுக்கும் நன்றி. அக்காவின் மகள் இந்திப் பள்ளியில் படித்தவள். தமிழ் பேசுவாள், படிக்க வராது. உங்களில் யாராவது அவளை உட்காரவைத்து இதைப் படித்துக் காட்டுங்கள். படித்துக் காட்டுபவருக்கும் இப்போதே நன்றி சொல்லிவிடுகிறேன்.

நான் வெளியே ஆட்டோடு நிற்பேன்.