சுவருக்கு அந்தப் பக்கத்துப் பூ

லேத்துக்காரர் என்றால் அந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரியும். பட்டறையில் இரும்பை நூல் பிசகாமல் கடைவார். வீட்டில் வாயைத் திறந்தால் பேச்சு எக்குத்தப்பாகப் போகும். தண்ணீர்க் குழாயை எந்தப் பக்கம் பதிப்பது என்ற அற்ப விஷயத்துக்காகத் தம்பியோடு மல்லுக்கு நின்று, "இனி உன் மூஞ்சியிலயே முழிக்க மாட்டேன்!" என்று கத்திவிட்டார். தம்பி மட்டும் லேசுப்பட்டவனா? மறு வாரமே இரண்டு வீட்டுக்கும் பொதுவான முற்றத்தின் நடுவே ஆளை மறைக்கும் உயரத்துக்குச் சுவர் எழுப்பிவிட்டான்.

அந்த மொட்டைச் சுவர் அண்ணன் கண்ணை உறுத்தியது. மறைக்கலாம் என்று சங்குப்பூ விதையை ஊறவைத்து ஊன்றினார். கொடி கம்பியைச் சுற்றிக்கொண்டு கிடுகிடுவென ஏறியது. ஆனால் வெயில் தம்பி பக்கம். கொடியும் அங்கேயே சாய்ந்துவிட்டது. இவருக்கு இலையும் தண்டும், அவனுக்குக் கொத்துக் கொத்தாக நீலப்பூ!

"தண்ணி ஊத்துறது நீங்க, அனுபவிக்கிறது அவரா? வெட்டிப் போடுங்க" என்றாள் மனைவி.

கத்தரியோடு போனார். சுவருக்கு அப்பால் தம்பி இருமுவது கேட்டது. கத்தரியைக் கீழே வைத்துவிட்டு, இன்னொரு வாளி தண்ணீர் ஊற்றிவிட்டு வந்தார்.

அப்புறம் வருஷக்கணக்கில் இதே கதைதான். கோடையில் பட்டுப்போனது போலக் கிடக்கும் கொடி, மழை விழுந்ததும் வேரிலிருந்து துளிர்த்துவிடும். இந்த மனுஷனின் வீம்புதான் எந்தக் கோடையிலும் வாடவில்லை. "அவன் சின்னவன். அவனே முதல்ல கூப்பிடட்டும்" என்பார். மனசுக்குள் மட்டும் தினமும் தம்பியோடு பேசிக்கொண்டிருந்தார், பாவி மனுஷன்.

ஒரு காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த தம்பி எழுந்திருக்கவே இல்லை. அழுகைச் சத்தம் கேட்டு லேத்துக்காரர் செருப்புக்கூடப் போடாமல் ஓடினார்.

அந்தப் பக்கத்துச் சுவரை அன்றுதான் பார்த்தார். சுவரே தெரியாத அளவுக்கு நீலம். எதிரே ஒரு நாற்காலி.

"யாரையும் ஒரு பூ பறிக்க விட மாட்டாரு மாமா." தம்பி மனைவிக்கு அழுது அழுது தொண்டை கட்டியிருந்தது. "'அண்ணன் வச்ச கொடி. ஒருநாள் பூப்பறிக்க இந்தப் பக்கம் வருவாரு, அப்போ பேசிக்கிறேன்'னு சொல்லிட்டே இருந்தாரு."

அவர் அந்த நாற்காலியைப் பற்றிக்கொண்டார். "ஒரு குரல் குடுத்திருக்கலாமேம்மா! ஓடி வந்திருப்பேனே!"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"நீங்க ஒரு குரல் குடுத்திருந்தாலும் அவரு ஓடி வந்திருப்பாரு மாமா."