யாவரும் அறிந்த முடிவு

பெயர் போட்டு, கையெழுத்தும் வைத்து ஒன்றை எழுதிக் கொடுத்தால் எங்கள் கொல்லிமலை ஊரில் அதற்குப் பிராது என்று பெயர். கொடுத்தவர் ஊர்க்கூட்டத்தில் எழுந்து நின்று பதில் சொல்லியாக வேண்டும். இது தெரிந்திருந்தும், ஏழாம் வகுப்பு படிக்கும்போது நூலகத்தின் வாசகர் கருத்து நோட்டில் நான் கையெழுத்து வைத்தேன்.

எல்லாம் ஒரு பழைய மாயாஜாலக் கதையால் வந்தது. அரக்கன் இளவரசனை ஏழாவது குகையில் அடைத்து, அவனைக் கல்லாக்கும் மந்திரத்தைச் சொல்ல வாயைத் திறக்கிறான். அதற்கு மேல் பக்கங்கள் இல்லை. எனக்கு முன்னால் படித்த யாரோ அவற்றைக் கிழித்து மிளகு மடித்திருக்க வேண்டும். அடுப்பில் பால் பொங்கினாலே கூரை பற்றிக்கொள்ளும் என்று பயப்படுகிற பிள்ளை நான். இளவரசனை அப்படியே விட்டுவிட்டு எப்படித் தூங்குவது?

நூலகர் கீழ்நாட்டுக்காரர், மலைக்குக் கீழே சமவெளி ஊர். திங்கட்கிழமைதோறும் மலை வளைவுகளில் பஸ் ஏறி வந்து, அன்று மதியம்வரை கிறுகிறுப்பில் தலையைப் பிடித்தபடி உட்கார்ந்திருப்பார்; வாரக் கடைசிவரை இங்கேயே தங்கல். "இதுல பாரு பாப்பா" என்று ஒரு தடிப் புத்தகத்தைத் தள்ளினார். அந்தக் கதைக்கு ஒரு பேராசிரியர் எழுதிய விளக்க நூல். கதையைப் போல மூன்று பங்கு கனம். அரக்கனின் மீசைக்கு மட்டும் பதினோரு பக்கம். அடிக்குறிப்புக்கும் அடிக்குறிப்பு இருந்தது. ஓர் எழுத்து விடாமல் படித்துக் கடைசிப் பக்கத்துக்கு வந்தேன். "கதையின் முடிவு யாவரும் அறிந்ததே என்பதால் இங்கு விரித்துரைக்கவில்லை" என்று முடிந்தது.

அந்த நூலைப் பற்றி நோட்டில் ஏற்கெனவே மூன்று கருத்துகள் இருந்தன. 'அரிய பொக்கிஷம்' என்றிருந்தார் எங்கள் வாத்தியார்; ஒட்டிக்கிடந்த பக்கங்களைப் பிரித்தது நான்தான். 'தூக்கம் வராதவர்களுக்கு நல்லது' என்றிருந்தார் வனத்துறை ஆபீஸ்காரர். 'காற்றுக் காலத்தில் கதவுக்கு அண்டை கொடுத்தேன், நன்றாக நின்றது' என்றிருந்தார் அம்மாவின் தம்பி, அதாவது என் மாமா. நான் எழுதினேன்: 'யாவரும் அறிந்ததே என்று போட்டிருக்கிறது. எனக்குத் தெரியாது. எழுதியவருக்காவது தெரியுமா?'

வீட்டை எட்டுவதற்குள் ஊர்க்கூட்டம் நினைவுக்கு வந்துவிட்டது. மாமாவிடம் சொன்னேன். அவர் நேராக அப்பாவிடம் போனார்.

"கேட்டீங்களா மச்சான், உங்க புள்ள ஒரு பேராசிரியர் மேலயே பிராது குடுத்துட்டா!"

"நீயுந்தான எழுதியிருக்கற?"

"நான் கதவப் பத்தித்தானுங்களே எழுதுனேன்."

பிராதைத் திரும்ப வாங்க வேண்டுமானால் ஒரு தார் வாழைப்பழம் வைத்துக் கேட்பது வழக்கம். மறுநாள் அப்பா தாரைத் தோளில் சுமந்துகொண்டு நூலகத்துக்கு நடந்தார். பின்னால் நான்.

"புள்ள அறியாமச் செஞ்சுருச்சுங்க சார். பிராதத் திருப்பிக் குடுத்துருங்க."

"இது பிராது இல்லீங்க, கருத்து."

"கையெழுத்து இருக்குதுங்களே?"

நூலகர் நோட்டை மூடி வைத்தார். "அந்தப் புஸ்தகத்த முழுசாப் படிச்ச ஒரே ஆளு உங்க புள்ளதானுங்க. சந்தோசத்துல அது எழுதுனத நேத்தே அந்தப் பேராசிரியருக்கு எழுதிப் போட்டுட்டேன்" என்றார். பழத்தை மட்டும் வாங்கிக்கொண்டார்.

ஒரு மாதம் கழித்துப் பேராசிரியரிடமிருந்து தபால் அட்டை வந்தது. 'அன்புள்ள வாசகிக்கு வணக்கம். முடிவு உங்களுக்குத் தெரியவந்தால் தயவுசெய்து எழுதவும்.'

மாமா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நக்கலப் பாரு கண்ணு. பதில் போடலீன்னா கேஸுதான்."

கேஸுக்குப் பயந்து ஒரு முடிவு எழுதினேன். மந்திரம் சொல்ல வந்த அரக்கனிடம், "முதல்ல சாப்புடுங்க" என்று இளவரசன் ஒரு பலாப்பழத்தை நீட்டுகிறான். கையில் எண்ணெய் தடவாமல் பிய்த்துத் தின்ற அரக்கனுக்கு உதடு இரண்டும் ஒட்டிக்கொள்கின்றன. மந்திரம் வரவில்லை. இளவரசன் நடந்தே வீட்டுக்குப் போகிறான். தபாலில் போட்ட பிறகும் பல நாள் பஸ் சத்தம் கேட்டால் கொல்லைப்பக்கம் ஓடினேன். யாரும் வரவில்லை. அடுத்த வருடம் எட்டாவதோடு படிப்பு நின்றது. அதற்கும் இதுதான் காரணம் என்று மாமா இன்றும் சொல்லித் திரிகிறார்.

போன மாதம் கல்லூரியில் படிக்கும் அக்கா மகள் போனை நீட்டினாள். அதே நூல், புதிய பதிப்பு, கீழே வாசகர் கருத்துகள். 'கொல்லிமலை முடிவுக்காகவே வாங்கலாம்' என்கிறார் ஒருவர். 'அதுதான் மூலத்துக்கு நெருக்கமானது' என்கிறார் இன்னொருவர். அவளே புத்தகத்தை வாங்கி வந்தாள். 'கொல்லிமலையில் தொன்றுதொட்டு வழங்கும் முடிவு' என்ற தலைப்பில் என் பலாப்பழம்! பலாப்பால் மனித ஆசையின் குறியீடு என்று நான்கு பக்கம் விளக்கம். எண்ணெய் தடவாததைத் தவிர நான் வேறெதையும் நினைக்கவில்லை.

யாராவது ஆராய்ச்சிக்கு வந்து விசாரித்தால் என்ன செய்வது? மூன்று நாள் சோறு இறங்கவில்லை. இப்போது ஊரில் எதிர்ப்படுகிறவர்களுக்கெல்லாம் அந்த முடிவைச் சொல்லி வைத்துக்கொண்டிருக்கிறேன்.

அந்த அட்டை இன்னும் தகரப் பெட்டியில் இருக்கிறது. நேற்று எடுத்துப் பார்த்தேன். 'தயவுசெய்து' என்ற சொல்லுக்கு அடியில் இரண்டு கோடு போட்டிருந்தார். அன்று நான் அதை மிரட்டல் என்றே நினைத்திருந்தேன்.