கீழிமை பார்க்கும் கயல்

காமயகவுண்டன்பட்டி முக்கில் ஜீப் வந்து நின்றதும், ஏறுகிறவள் யாராக இருந்தாலும் கயல் அவளுடைய கீழிமையைக் கட்டைவிரலால் இழுத்துப் பார்த்துவிடுவாள். உள்ளே சிவந்திருந்தால், "ம், உக்காருங்க." வெளிறியிருந்தால், "நேத்து என்ன தின்னீக?" நலம் விசாரிப்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். வண்டியோட்டும் சேக் பரீத்தும் தப்பியதில்லை. "ஏ புள்ள, என் கண்ணு ரோட்டுக்கு வேணும்" என்று கத்திக்கொண்டே குனிந்து கொடுப்பார்.

அவளுக்குப் பத்தொன்பது வயது. கம்பம் மெட்டு ஏறி ஏலத்தோட்டத்துக்குப் போகிற பதினாறு பெண்களில் அவளும் ஒருத்தி. போன மழைக்காலத்தில் கூட வேலை செய்த முருகம்மாள் வேலையில் மயங்கி, சரிவில் உருண்டு கையை முறித்துக்கொண்டாள். ரத்தசோகை என்றார்கள் ஆஸ்பத்திரியில். அந்த வாரமே உத்தமபாளையத்தில் இளைஞர்களுக்கு நடந்த சுகாதாரப் பயிற்சிக்குக் கயல் பெயர் கொடுத்தாள். மூன்று நாள் பயிற்சி. பாடம் நடத்தாதே, கூட வேலை செய்கிறவளாக உட்கார்ந்து பேசு என்று சொல்லி, விரித்துக் காட்டிப் பேச ஒரு படச்சுருளையும் கொடுத்து அனுப்பினார்கள்.

படச்சுருள் முதல் நாளே மலைக்காற்றில் பள்ளத்தாக்கோடு போய்விட்டது. அவள் அசரவில்லை. சேக் பரீத் வண்டியில் பாடும் டேப்பை நிறுத்தியதும் ஒவ்வொருத்தியின் தூக்குவாளியையும் திறப்பாள். முருங்கைக்கீரை இருந்தால் வண்டி முழுக்கக் காட்டுவாள். வெறும் சோறும் ஊறுகாயும் என்றால் தொலைந்தது. சத்து மாத்திரையைத் தின்றால் கருப்பாகப் போகிறதே என்று கிசுகிசுத்தவளுக்கு அவள் சொன்ன பதில் ஊரெல்லாம் பிரசித்தம். "போனா போகட்டும்! உள்ள போன இரும்பு வெளிய எட்டிப் பாக்குது, அம்புட்டுத்தான்." வண்டி குலுங்கியது மேடு பள்ளத்தாலா, சிரிப்பாலா என்று தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடத்தில் ரத்தப் பரிசோதனை. இன்னொருத்தி உருளுவதற்குள் அத்தனை பேரையும் வரவழைத்துவிட வேண்டும் என்று கயல் துடித்தாள். ஆனால் மூத்தவள் ஜக்கம்மா அசையாவிட்டால் ஜீப்பில் ஒருத்தியும் அசையமாட்டாள்.

"தோட்டத்துல அட்டை உறிஞ்சுறது பத்தாதுன்னு நீ வேற ஊசி தூக்கிட்டு வர்றியாடி?"

"ஒரு சொட்டுத்தான் அத்தை. அட்டை குடிக்கிறதுல கால்வாசி கூட இல்ல."

வாய்தான் இப்படி. ஊசி என்றால் கயலுக்குக் குலைநடுக்கம். பயிற்சியில் எல்லாரும் விரலை நீட்டியபோது தண்ணீர் குடிக்கப் போனவள், எல்லாம் முடிந்த பிறகுதான் திரும்பி வந்தாள். ஊரார் கண்ணையெல்லாம் இழுத்துப் பார்த்தவள் தன் கண்ணைக் கண்ணாடியில்கூடப் பார்த்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் வந்தார்கள், வேடிக்கை பார்க்க. ஜக்கம்மா இடுப்பில் கைவைத்து நின்றாள். "மொதல்ல நீ குத்திக்க. ஊருக்குத்தான் உபதேசமா?"

கயலின் கண் வாசலுக்குப் போனது. வாசலில் முருகம்மாள் நின்றிருந்தாள், இன்னும் சரியாக நீட்ட முடியாத கையோடு. கயல் ஒரு கையால் ஜக்கம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, மறுகை விரலை நீட்டினாள். அவள் போட்ட கூப்பாட்டில் பக்கத்துத் திராட்சைத் தோட்டத்துக் கிளிகள் பறந்தன.

நர்சம்மா அளவைப் பார்த்தார். "ரத்தம் ஒம்பதுதான் இருக்கு, பன்னெண்டாவது வேணும். நீதானம்மா எல்லாருக்கும் சொல்லிக் குடுக்குறது?"

கயலே முதலில் சிரித்தாள். "பாத்தீகளா, எனக்கே இல்ல! உங்களுக்கு எங்கன இருக்கப் போகுது?"

"நகருடி" என்று அவளை இடித்துத் தள்ளிவிட்டு ஜக்கம்மா நாற்காலியில் உட்கார்ந்தாள். மத்தியானத்துக்குள் பதினாறு விரலிலும் பஞ்சு இருந்தது. கயல் வீடுவரை குதித்துக்கொண்டே போனாள்.

மறுநாள் காலை வழக்கம்போலக் கட்டைவிரலை நீட்டிக்கொண்டுதான் ஜீப்பில் ஏறினாள். அதற்குள் ஏலக்காய்க் கறை படிந்த இன்னொரு கட்டைவிரல் முந்திக்கொண்டது.

"கண்ணைக் காட்டுடி" என்றாள் ஜக்கம்மா. "நேத்து என்ன தின்ன?"

கயல் நீட்டிய கையை மடக்கிக்கொண்டு, முகத்தை நிமிர்த்திக் கொடுத்தாள்.