முயல் அசை போடாது

எங்கள் வீட்டு முயலுக்குக் காயடித்த கதையை எழுத உட்கார்ந்திருக்கிறேன். மருமகளுக்கு அந்தச் சொல் பிடிக்காது. "ஆப்ரேசன்னு சொல்லுங்க அத்தை" என்பாள். நாற்பது வருசம் ஆடும் மாடும் வைத்துப் பிழைத்தவள் நான். கிடாய்க்குட்டிக்குச் செய்தாலும் காளைக்கன்றுக்குச் செய்தாலும் அதற்குப் பெயர் ஒன்றுதான். முயலுக்கு மட்டும் இங்கிலீசில் சொன்னால் வலி குறைந்துவிடுமா?

பீளமேட்டில் மூன்றாவது மாடி வீடு எங்களுடையது. மகனுக்குப் பெருந்துறைத் தொழிற்பேட்டையில் வேலை, வாரம் ஒரு முறைதான் வருவான். மற்ற நாளெல்லாம் நானும் மருமகளும் அந்த முயலும்தான். வெள்ளை உடம்பு, காது மட்டும் சாம்பல். அவள் ஆசைப்பட்டு வாங்கியது. வளர்ந்து ஆளானதும் அதற்குச் சேட்டை ஆரம்பித்தது. நடக்கிறவர் காலைச் சுற்றுவதும், செருப்பின் மேல் ஏறுவதும், மூலைக்கு மூலை மூத்திரத்தைப் பீய்ச்சுவதுமாக இருந்தது. நான் மடித்து வைத்திருந்த சேலையின் மேல் பீய்ச்சிய அன்றைக்கு நானேதான் சொன்னேன்.

"அம்மணி, இதுக்குக் காயடிச்சாத்தான் ஊடு ஊடா இருக்கும்."

அவள் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்து, அதையேதான் அவரும் சொன்னார் என்றாள். எனக்கு உள்ளூரப் பெருமைதான்.

ஆனால் அந்த டாக்டர் சொன்ன மற்ற எதுவும் எனக்குச் சரியாகப் படவில்லை. ஆப்ரேசன் அன்று காலை வரைக்கும் முயலுக்குத் தீனி போடச் சொன்னாராம். முடிந்து வந்ததும் மறுபடி தீனி போடச் சொன்னாராம். எனக்குக் கர்ப்பப்பை எடுத்தபோது முந்தின நாளிலிருந்து பச்சைத் தண்ணீர் கொடுக்கவில்லை. எடுத்த பிறகும் எத்தனை வேளை கஞ்சித் தண்ணீரிலேயே கிடந்தேன். கத்தி வைத்த உடம்பு என்றால் பத்தியம் உண்டு. அது மனுசருக்கு ஒன்று, முயலுக்கு ஒன்றாக இருக்குமா?

போதாததற்குத் தழை வேறு. கொத்தமல்லி, அருகம்புல், முள்ளங்கி இலை, எது தின்றாலும் கொடுக்க வேண்டுமாம். வலிக்கு மருந்தும் கொடுத்துத் தழையும் கொடுத்தால் மருந்து எங்கே நிற்கும்? அகத்திக்கீரை மருந்தை முறிக்கும் என்று தெரியாதவர் எங்கள் பக்கம் கிடையாது. அகத்தி முறித்தால் கொத்தமல்லி மட்டும் சும்மா இருக்குமா என்பது என் எண்ணம். டாக்டர் கொடுத்த தாளை மருமகள் பிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்தாள். அது இங்கிலீசில் இருந்தது. எனக்குத் தமிழ் மட்டும்தான் படிக்கத் தெரியும். என்ன எழுதியிருக்கிறது என்று அவளிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

ஆப்ரேசன் முடிந்து மதியத்துக்கு மேல் முயலைக் கொண்டுவந்தாள். மயக்கம் தெளியாமல் துணிமூட்டை மாதிரி கிடந்தது. அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து, பொழுது சாயும் நேரத்துக்கு இரண்டு கொத்தமல்லி இலையைத் தின்ன வைத்தாள். பிறகு ஒரு தட்டு நிறையத் தழையை வைத்துவிட்டுப் போய்ப் படுத்தாள். நான் அந்தத் தழையை எடுத்து ஒரு கவரில் போட்டுப் பிரிட்ஜுக்குள் தள்ளினேன். காய்ந்த புல் கூண்டில் கிடந்தது. அதை நான் தொடவில்லை. காய்ந்தது கெடுதல் செய்யாது.

விடிந்ததும் அவள் வெறும் தட்டைப் பார்த்தாள்.

"அத்தை, பாருங்க! ராத்திரியே எல்லாத்தையும் தின்னுபோட்டான்!"

அவள் முகத்தில் அத்தனை சந்தோசம். கூண்டுக்கு அடியில் புழுக்கை விழும் தட்டைக் கழுவப் போனவளை, "நீ ஆபீசுக்குக் கெளம்பு கண்ணு, நான் பாத்துக்கறேன்" என்று அனுப்பினேன். ஊசியில்லாத சிரிஞ்சில் மருந்தை வாயோரம் விட்டுவிட்டு, இன்னொரு தட்டுத் தழையை வைத்துவிட்டு அவள் போனாள். அதையும் எடுத்தேன். பதிலுக்கு நீர்க்கக் கஞ்சி வைத்தேன். அது மோந்துகூடப் பார்க்கவில்லை. அடித்தட்டில் பழைய புழுக்கை நாலைந்து காய்ந்து கிடந்தது, புதிதாக ஒன்றும் இல்லை.

முதுகைக் கூனிக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தது. கண் பாதி மூடியிருந்தது. தாடை மட்டும் அசைந்தது. மெதுவாக, விடாமல் அசைந்தது. காதைக் கிட்டே வைத்தால் நெறுநெறுவென்று சத்தம். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. காய்ச்சல் கண்ட ஆடு அசை போட ஆரம்பித்துவிட்டால் பிழைத்துக்கொண்டது என்று அர்த்தம். எத்தனை ஆட்டுக்கு அப்படி விடிய விடியக் காத்திருந்திருக்கிறேன்!

பதினோரு மணிக்கு மருமகள் போன் செய்தாள்.

"என்னுங்க அத்தை, புழுக்கை போட்டானா?"

"இல்ல கண்ணு. அதெல்லாம் போடுவான். சொகமா உக்காந்து அசை போட்டுட்டு இருக்கறான்."

"அத்தை, மொசலு அசை போடாதுங்க."

"நான் கண்ணால பாத்துட்டு இருக்கறனே."

"அது பல்லைக் கடிக்கறானுங்க அத்தை. வலி பொறுக்க முடியாம கடிக்கறான். நான் இப்பவே வாரேன்."

போனை வைத்துவிட்டு மறுபடி கூண்டுக்குப் போனேன். அதே தாடைதான், அதே அசைவுதான். சற்று முன்னால் சுகமாகத் தெரிந்தது இப்போது பார்க்க முடியாததாக இருந்தது. அவள் வந்து சேரும் வரை அந்த அரை மணி நேரம் எனக்கு என் மேல் வந்த ஆத்திரத்தை எழுதத் தெரியவில்லை.

அவள் வந்ததும் டாக்டரைப் போனில் முகம் தெரிய அழைத்தாள். டாக்டர் சின்னப் பெண், என் பேத்தி வயசுதான் இருக்கும். கூண்டைக் காட்டச் சொன்னார்.

"கடைசியா எப்ப சாப்பிட்டான்?"

"ராத்திரி ஒரு தட்டுத் தழை தின்னானுங்க டாக்டர்" என்றாள் மருமகள்.

நான் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தேன். பேசாமல் இருந்திருந்தால் அது அப்படியே போயிருக்கும். ஆனால் அந்தக் கணக்கை வைத்துத்தான் டாக்டர் வைத்தியம் சொல்லப்போகிறார்.

"இல்லீங்க," என்றேன். "ரெண்டே எலைதான் தின்னுச்சு. மிச்சத்த நான் எடுத்துப்போட்டேன். காலைல வெச்சதையும் எடுத்துப்போட்டேன்."

மருமகள் திரும்பி என்னைப் பார்த்தாள்.

"ஏனுங்க பாட்டிம்மா, அப்படிச் செய்யலாமா?" என்றார் டாக்டர். "இதுக்கு வயிறு ஓடிட்டே இருக்கோணும். காயத்துல சாகாதுங்க, வயிறு நின்னாத்தான் சாகும். பொழுது சாயறதுக்குள்ள புழுக்கை போடலைன்னா தூக்கிட்டு வந்துருங்க."

வலிக்கு மருந்தின் அளவை மாற்றிச் சொன்னார். முயல் தீனியை வெந்நீரில் ஊறவைத்துக் கூழாக்கி, சிரிஞ்சில் ஏற்றி, கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டச் சொன்னார். மருமகள் கூழைக் கரைத்தாள். நான் பழைய துண்டில் முயலைச் சுற்றி மடியில் வைத்துக்கொண்டேன்.

"நான் பிடிச்சுக்கறேன்" என்றேன்.

"பிடிங்க. மொதல்ல அவன் புழுக்கை போடட்டும். உங்ககிட்ட அப்பறம் பேசிக்கறேனுங்க."

புகட்டுவது என்றால் என்ன என்று எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன். கன்றுக்குட்டிக்கு மூங்கில் குழாயில் மருந்து ஊற்றியவள் நான். அந்தக் கையளவு முயல் என்னைப் படுத்திய பாடு! முன்பல்லுக்குப் பக்கத்துச் சந்தில் சிரிஞ்சை வைத்தால் தலையைத் திருப்பும். உள்ளே போனதைத் துப்பும். பின்னங்காலால் உதைத்துத் துண்டை அவிழ்க்கும். என் கை, சேலை, மூக்குக்கண்ணாடி எல்லாம் பச்சைக் கூழ். ஒரு மணி நேரம் போராடி அதன் வயிற்றுக்குள் போனது இரண்டு தேக்கரண்டிகூட இருக்காது.

"முழுங்கேண்டா, கெரகம் புடிச்சவனே" என்றேன்.

"திட்டாதீங்க அத்தை. அவன் என்ன பண்ணுவான்?"

அவள் சொன்னது எனக்கு உறைத்தது. எழுந்து முகம் கழுவிவிட்டு வந்து மறுபடி மடியில் எடுத்தேன். இரண்டாம் தடவையும் அப்படியே. மூன்றாம் தடவை நாக்கை ஒரு முறை சுழற்றி விழுங்கியது. வயிற்றை உள்ளங்கையால் மெதுவாக நீவிக்கொண்டே இருந்தேன். பானை மாதிரி கெட்டியாக இருந்த வயிற்றுக்குள் நாலு மணி வாக்கில் ஏதோ புரள்கிற மாதிரி இருந்தது.

முதல் புழுக்கை விழுந்தது எனக்குத் தெரியாது. சேலை மடிப்பில் கையை விட்டபோதுதான் தட்டுப்பட்டது. மிளகளவுதான் இருக்கும், ஒழுங்கில்லாத வடிவம். பிறகு இன்னொன்று. பிறகு இரண்டு சேர்ந்தாற்போல்.

"அம்மணி, போட்டுட்டான்!" என்று கத்தினேன்.

அவள் ஓடிவந்து என் உள்ளங்கையில் இருந்ததைப் போட்டோ எடுத்து டாக்டருக்கு அனுப்பினாள். அவர் சந்தோசப்பட்டு, இனிமேல் தானாகத் தின்ன விடுங்கள், தின்னும்போது அசைக்காதீர்கள் என்று பதில் சொன்னார். பிரிட்ஜில் நான் தள்ளி வைத்திருந்த கவரிலிருந்தே ஒரு கொத்தமல்லிக் காம்பை எடுத்து நீட்டினேன். மோந்து பார்த்தது, இழுத்தது, மென்றது.

மருமகள் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"இப்பப் பேசலாங்களா?" என்றாள்.

பேசினாள். வெறும் தட்டைக் காட்டி அவளைச் சிரிக்க வைத்தது, தாளில் என்ன என்று கேட்காதது, எல்லாம் தெரிந்தவள் போல் நடந்துகொள்வது என்று ஒன்று விடவில்லை. யாராவது குரலை உயர்த்தினால் எழுந்து என் அறைக்குப் போய்க் கதவைச் சாத்துகிறவள் நான். அன்றைக்கு எழுந்திருக்க முடியவில்லை. மடியில் அது தின்றுகொண்டிருந்தது. அசைக்கக் கூடாது. ஒரு காம்பு தீர்ந்ததும் அடுத்த காம்பை நீட்டிக்கொண்டு, அவள் சொன்னது அத்தனையையும் உட்கார்ந்து கேட்டேன்.