மோந்து பார்த்த தட்டு

எங்கள் லேபில் என்னைவிட என் மூக்குக்குத்தான் மரியாதை அதிகம். ரத்தம், சளி, சீழ் என்று எது வந்தாலும் அதைக் கல்ச்சர் தட்டில் தேய்த்துச் சூட்டுப்பெட்டியில் ஓர் இரவு வைத்தால், மறுநாள் கிருமிகள் புள்ளி புள்ளியாக முளைத்திருக்கும். எது எந்தக் கிருமி என்று கண்டுபிடிக்கப் பல சோதனைகள் உண்டு. ஆனால் எங்களுடையது காரைக்காலில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியின் சின்ன லேப். பாதிச் சோதனைக்கு மருந்து இருக்காது, இருந்தால் தேதி முடிந்திருக்கும். அதனால் தட்டின் மூடியை லேசாகத் தூக்கி நான் மோந்து பார்ப்பேன். கூடாதுதான். பழைய ஆட்கள் எல்லோரும் தெரிந்தே செய்கிற தப்பு அது. ஒரு கிருமி நாள்பட்ட மீன் மாதிரி நாறும், இன்னொன்று அதிகம் பழுத்த திராட்சை மாதிரி இனிப்பாக வாசம் வீசும். நான் மோந்து சொன்னது தப்பியதே இல்லை என்று ஆஸ்பத்திரியில் ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சுக்கு நானும் அவ்வப்போது தண்ணீர் ஊற்றினேன்.

கொரோனா வந்தபோது அந்த மூக்கு போய்விட்டது. எல்லோருக்கும் போனது, ஒரு மாதத்தில், மூன்று மாதத்தில் எல்லோருக்கும் திரும்பியது. எனக்குத் திரும்பவில்லை. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. வீட்டில் சொல்வதற்கு ஆள் கிடையாது. அம்மாவும் அப்பாவும் போய்ச் சேர்ந்தாயிற்று. தங்கை பிரெஞ்சு பாஸ்போர்ட் உள்ளவரைக் கட்டிக்கொண்டு பிரான்ஸில் இருக்கிறாள். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. லேபில் சொல்லாததற்குக் காரணம் வேறு. கர்வம், வேறென்ன. மூக்கு இல்லாவிட்டால் அங்கே நான் யார் என்று எனக்கே தெரியவில்லை.

வாசனை இல்லாமல் தனியாகக் குடித்தனம் நடத்துவது எப்படி என்று கேட்டால் பக்கம் பக்கமாகச் சொல்வேன். பால் தீய்ந்தால் புகை வந்த பிறகுதான் தெரியும். கேஸ் கசிந்தால் தெரியாது என்பதால் ராத்திரி மூன்று தடவை எழுந்து சிலிண்டரை மூடியிருக்கிறேனா என்று பார்ப்பேன். நேற்றைய சாம்பார் கெட்டுப்போனதா என்று கேட்கக்கூட இன்னொரு மூக்கு வேண்டும். ஒருமுறை அந்தச் சாம்பாரில் ஒரு சொட்டை லேபுக்குக் கொண்டுபோய்த் தட்டில் தேய்த்துப் பார்த்தேன். மறுநாள் அமோக விளைச்சல். அதற்குள் சாம்பாரைச் சாப்பிட்டும் முடித்திருந்தேன், ஒன்றும் ஆகவில்லை. இதைச் சொல்லிச் சிரிக்க யாராவது இருந்திருக்கலாம். என் உடம்பின் வாடையும் எனக்குத் தெரியாது அல்லவா, அந்தப் பயத்தில் பஸ்ஸில் யார் பக்கத்திலும் உட்காராமல் நின்றுகொண்டே வரப் பழகிவிட்டேன்.

லேபில் என்னுடன் ஒரு டெக்னீஷியன். என்னைவிட இரண்டு வயது சின்னவள், பூவத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருபவள். சந்தேகம் வந்தால் தட்டை என்னிடம் நீட்டி, "என்ன வாசனை மேடம்?" என்பாள். நான் மூடியைத் தூக்கி, கண்ணை மூடி, மூச்சை இழுத்து, ஏதோ ஒரு பெயரைச் சொல்வேன். கிருமியின் நிறத்தையும் அது படர்ந்திருக்கும் விதத்தையும் பார்த்துச் சொல்கிற பெயர்தான். பெரும்பாலும் சரியாகவே இருக்கும். ஆனாலும் மனது குறுகுறுக்கும். அதனால் ஒரு பழக்கம் வைத்திருந்தேன். வழக்கப்படி சனிக்கிழமை எல்லாத் தட்டுகளையும் ஆவியில் வேகவைத்துக் குப்பைக்கு அனுப்பிவிடுவோம். நான் பொய்யாக மோந்த தட்டுகளை மட்டும் டேப் ஒட்டி, அலமாரியின் கீழ் அடுக்கில் பின்பக்கமாக வைத்துவிடுவேன். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் காலைப் பூசை முடிந்ததும் நேராக லேபுக்கு வந்து, அவற்றை எடுத்து வைத்துக்கொண்டு, சொன்னது சரிதானா என்று நிதானமாகச் சோதித்துப் பார்ப்பேன். ஞாயிறன்று வீட்டில் செய்ய வேறு வேலையும் இருந்ததில்லை.

சம்பா நடவு முடிந்து மழை பிடித்துக்கொண்டிருந்த ஐப்பசியில் ஒரு புதன்கிழமை, டெக்னீஷியன் ஒரு தட்டை நீட்டினாள். சுரக்குடியிலிருந்து வந்து சேர்ந்திருந்த ஒரு விவசாயியின் ரத்தக் கல்ச்சர். ஐம்பது தாண்டியவர், சர்க்கரை உண்டு, மூன்று வாரமாக விட்டுவிட்டுக் காய்ச்சல். இரண்டு பாட்டில் ரத்தம் எடுத்ததில் ஒன்றில் மட்டும் ஏதோ முளைத்திருந்தது. சின்னச் சின்னதாக, வழவழப்பாக, அடையாளமே இல்லாத புள்ளிகள்.

"திராட்சை வாசமா மேடம்?"

மூடியைத் தூக்கி மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். வழக்கம்போல ஒன்றும் இல்லை. "ஆமா, அதேதான்," என்றேன்.

திராட்சை வாசனைக் கிருமி தண்ணீரிலும் குழாயிலும் எங்கள் கை கழுவும் தொட்டியிலும்கூட இருக்கும். ஒரு பாட்டிலில் மட்டும் அது முளைத்தால், ஊசி குத்தும்போது வெளியிலிருந்து ஒட்டிக்கொண்டது என்று எடுத்துக்கொள்வது எங்கள் வழக்கம். அப்படி முடிவான தட்டுக்கு எந்த மருந்து கேட்கும் என்றுகூடச் சோதிக்கமாட்டோம். 'கண்டாமினேஷன்' என்று ஒரே வார்த்தையில் ரிப்போர்ட் போனது. அவள் எழுதினாள், இருவரும் கையெழுத்துப் போட்டோம். அன்றைக்கு அவருக்குக் காய்ச்சலும் கொஞ்சம் இறங்கியிருந்தது. வியாழக்கிழமை மாலை மாத்திரை கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

ஞாயிறு காலை டேப்பைப் பிரிப்பதற்கு முன்பே தெரிந்துவிட்டது. வழவழப்பாக இருந்த புள்ளிகள் பெரிதாகி, காய்ந்து, ஆறின பாலின் ஆடை மாதிரி சுருக்கம் சுருக்கமாக மாறியிருந்தன. பல வருஷத்துக்கு முன் வெளியூரில் ஒரு பயிற்சிக்குப் போனபோது படத்தில் பார்த்தது. வயல் சேற்றில் வாழும் கிருமி. மழைக்காலத்தில் காலில் வெட்டுக்காயத்தோடு சேற்றில் நிற்பவர்கள், முக்கியமாகச் சர்க்கரை உள்ளவர்கள் உடம்பில் ஏறிவிடும். மெலியாய்டோசிஸ் என்று பெயர். டிபி மாதிரி இருக்கும், டைபாய்டு மாதிரி இருக்கும், சாதாரண மருந்துக்கு அடங்குவது போல நடித்துவிட்டு ஆளைக் கொண்டுபோய்விடும். பயிற்சியில் அதைப் பற்றி இரண்டு விஷயம் சொன்னார்கள். ஒன்று, சின்ன லேபுகள் இதைக் கண்டாமினேஷன் என்று தூக்கிப் போட்டுவிடும். இரண்டு, இதற்கு மழை பெய்த மண் வாசனை இருக்கும், ஆனால் மோந்து பார்க்கவே கூடாது, மூச்சு வழியாக ஏறும்.

முகக்கவசம் கையுறை எல்லாம் மாட்டிக்கொண்டு கொஞ்சம் எடுத்துச் சாயம் ஏற்றி மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். இரண்டு முனையிலும் சாயம் பிடித்து நடுவில் வெளுத்து, ஊக்கு ஊக்காகக் கிடந்தன. மண் வாசனைக்கும் திராட்சை வாசனைக்கும் வித்தியாசம் தெரியாத மூக்கு இந்த ஊரில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது, அதை நம்பி ஒரு மனிதரை வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள்.

டாக்டரம்மாவுக்குப் போன் செய்தேன். விஷயத்தைச் சொன்னதும், "உடனே கூப்பிட்டுட்டு வரச் சொல்லுங்க, நான் வந்துட்டே இருக்கேன்," என்று வைத்துவிட்டார். ரத்தம் அனுப்பிய சீட்டில் ஒரு நம்பர் இருந்தது. எடுத்தது அவர் மனைவி.

"விடிஞ்சதுலேருந்து நெருப்பா கொதிக்குதுங்க. பேச்சு கொளறுது. ஒன்னும் இல்லன்னுதானேங்க ரிப்போர்ட்ல போட்டிருந்தீங்க?"

"நான்தாங்க போட்டேன். தப்பாப் போட்டுட்டேன். உடனே கூட்டிட்டு வாங்க, ஆம்புலன்ஸ் அனுப்புறோம்."

அந்தப் பக்கம் மாடு கத்துவது கேட்டது. பிறகு, "வர்றோம்," என்றார்.

மதியத்துக்குள் அவரைச் சேர்த்து, சரியான ஊசியை ஆரம்பித்தாயிற்று. மறுநாள் மருந்துச் சோதனையும் நான் பயந்ததையே உறுதி செய்தது. நான்கு நாள் அவருக்கு நினைவு வந்து வந்து போனது. அந்தத் திங்கட்கிழமையே டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டுவிட்டார்.

"கண்டாமினேஷன்னு எதை வெச்சு முடிவு பண்ணீங்க?"

"திராட்சை வாசம்னு நான்தான் சொன்னேன். எனக்கு வாசனையே தெரியாது டாக்டர். கொரோனாவுலேருந்து இல்ல."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "தட்டை மோந்து பாத்தீங்கன்னா நீங்களும் மாத்திரை போடணும். இருபத்தோரு நாள். காலையில சாயந்திரம் டெம்பரேச்சர் பாக்கணும். வீட்ல யாராவது ஒங்களைக் கவனிச்சுக்கணும், யார் நம்பர் எழுதட்டும்?" என்று பேனாவை எடுத்தார். நான் தங்கையின் நம்பரைச் சொல்ல ஆரம்பித்தேன். முதல் இரண்டு எண்ணிலேயே வெளிநாடு என்று தெரிந்து நிறுத்திக்கொண்டார். "இங்க யாரும் இல்லையா?" என்றார். இல்லை என்றேன். அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல அவ்வளவு வெட்கமாக இருந்தது.

டெக்னீஷியனிடமும் அன்றே சொன்னேன். அவளும் மூடி திறந்த அறையில்தான் இருந்தாள், அவளுக்கும் மாத்திரை. "இத்தன வருசமா என்கிட்ட நடிச்சீங்களா மேடம்? என் கையெழுத்தும்ல அதுல இருக்கு," என்றாள். அதற்கப்புறம் வேலைக்கு வேண்டிய பேச்சு மட்டும்தான். தட்டை என்னிடம் நீட்டுவது நின்றுபோனது. சாப்பாட்டு நேரத்தில் டப்பாவை எடுத்துக்கொண்டு எக்ஸ்ரே அறைப் பெண்களோடு போய் உட்கார்ந்துகொண்டாள். நியாயம்தான். நியாயம் என்று தெரிந்தால் சோறு இறங்கிவிடுமா என்ன.

மாத்திரை தொடங்கிய மூன்றாம் நாள் வார்டுக்குப் போய் அந்த விவசாயியின் மனைவியிடம் நடந்ததை முழுதாகச் சொன்னேன். கட்டிலின் கம்பியைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். முடித்ததும், "போங்க," என்றார். நான் வந்துவிட்டேன்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு என் போன் அடித்தது.

"காய்ச்சல் இருக்கா?"

யாரென்று எனக்குச் சட்டென்று பிடிபடவில்லை. பிறகு பிடிபட்டது, வார்டில் என்னைப் போகச் சொன்ன அந்த அம்மா; ஞாயிறன்று நான் கூப்பிட்ட நம்பரை வைத்திருந்தார். "இல்லைங்க," என்றேன்.

"சரி." வைத்துவிட்டார்.

அதற்கடுத்த நாளும் ஏழு மணிக்கு அதே கேள்வி, அதே பதில், அதே சரி. என் வீட்டுக்குக் காலையில் போன் வந்து எத்தனை காலம் ஆயிற்று என்று யோசித்தேன். ஆறரைக்கே முகம் கழுவி, தெர்மாமீட்டரை நாக்கடியில் வைத்து, பார்த்துத் துடைத்து, போன் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவேன். வெட்கத்தை விட்டுச் சொன்னால், ராத்திரி தூங்கப் போகும்போதே அந்த ஏழு மணியை நினைத்துக்கொள்வேன். எட்டாம் நாள் மட்டும் அவர் சரி என்று சொல்லிவிட்டு வைக்கவில்லை.

"அவுங்க இன்னிக்கு எழுந்து ஒக்காந்தாங்க. ரெண்டு இட்லி சாப்பிட்டாங்க."

எனக்கு அழுகை வந்துவிட்டது. மூக்கை உறிஞ்சியது அவருக்குக் கேட்டிருக்கும்.

"நான் ஒன்னும் மறந்துடலீங்க," என்றார். "ஒங்களாலதான் மூணு நாளு அவுங்க சரியான மருந்தில்லாம வூட்ல கெடந்தாங்க. அது வேற. வூட்ல தனியாளுன்னு டாக்டரம்மா சொன்னாங்க. ராத்திரி காய்ச்சல் அடிச்சுக் கெடந்தா யாருக்குத் தெரியும்? இது வேற."

இரண்டையும் ஒன்றோடு ஒன்று கலக்காமல் அவர் வைத்திருந்த விதம் எனக்கு வராது. நானாக இருந்தால் முதலாவதை வைத்துக்கொண்டு இரண்டாவதை விட்டிருப்பேன்.

ஊசி முடிந்து, மாதக்கணக்கில் போட வேண்டிய மாத்திரைகளோடு பதினெட்டாம் நாள் அந்த விவசாயி சுரக்குடிக்குத் திரும்பினார். நான் லேப் ஜன்னலிலிருந்து பார்த்தேன். மெலிந்துபோயிருந்தார், ஆனால் தன் காலில் நடந்துதான் ஆட்டோவில் ஏறினார். காலில் புதுச் செருப்பு போட்டிருந்தார். அந்த அம்மா பையை உள்ளே வைத்துவிட்டு ஏறினார், மேலே பார்க்கவில்லை. அன்றைக்கு மறுநாளும் சுரக்குடியிலிருந்து ஏழு மணிக்குப் போன் வந்தது.

இருபத்தோராம் நாள் கேட்டார், "இன்னியோட மாத்திர முடியுதுல்ல?"

"ஆமாங்க."

"நல்லா இருங்க," என்று வைத்துவிட்டார்.

இருபத்திரண்டாம் நாள் காலை தெர்மாமீட்டருக்கு வேலை கிடையாது. ஆனாலும் ஆறரைக்கு முகம் கழுவி, அதை நாக்கடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நானே கூப்பிட்டு அவர் கணவருக்கு எப்படியிருக்கிறது என்று விசாரிக்கலாம். நம்பர் இருந்தது. ஆனால் அந்த வீட்டை விசாரிக்க எனக்கு என்ன உரிமை இருக்கிறது என்று தோன்றியது, விரல் எழவில்லை. ஏழு அடித்தது. ஏழேகால் ஆயிற்று. தெர்மாமீட்டரை வெளியே எடுத்துப் பார்த்தேன். எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

"இல்லைங்க," என்றேன், வெறும் வீட்டில்.